சத்துக் குளிசைப் போத்தலுக்குள் இருப்பது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

72 வயதான என் அம்மா கடந்த கச்சான் காற்றுக் காலத்தில் திடீரெனச் சோர்ந்துபோனார். ஓயாத தாகம், மலச்சிக்கல், இரவில் ஐந்தாறு தடவை சிறுநீர். பேச்சிலும் கொஞ்சம் தடுமாற்றம். திருகோணமலை வெயில் தெரிந்ததுதானே, சூடாக்கும் என்று இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். இரத்தம் சோதித்தபோது கல்சியம் அளவுக்கு மிஞ்சி இருந்தது. "வீட்டில் போடுகிற குளிசை எல்லாவற்றையும் கொண்டு வாருங்கோ" என்றார் வைத்தியர்.

மூன்று போத்தல்கள் கொண்டுபோனேன். ஒன்று தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பியது, ஒன்று நகரத்தில் நானே வாங்கியது, மற்றது பக்கத்து வீட்டு மாமி "முழங்கால் நோவுக்கு நல்லது" என்று கொடுத்தது. மூன்றிலும் விற்றமின் டி. அது மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியமும் ஏறுமாம். வைத்தியர் லேபிள்களைப் பார்த்துக் கூட்டினார். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4,000 அலகு உச்ச வரம்பு என்கிறார்கள். கூட்டுத்தொகை அதற்குள்தான் வந்தது. ஆனால் அம்மாவின் இரத்தத்தில் விற்றமின் டி மிகக் கூடுதலாக இருந்தது. வேறு காரணங்களையும் தேடினார்கள், எதுவும் அகப்படவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். கொழுப்பில் தங்கும் விற்றமின் என்பதால் உடனே இறங்காது. அம்மா பழையபடி முற்றத்தைக் கூட்ட இரண்டு மாதம் சென்றது.

அப்படியானால் லேபிளில் எழுதியதும் உள்ளே இருந்ததும் ஒன்றுதானா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. நான் வாங்கிய போத்தலில் காலாவதித் திகதி ஒரு சிறிய ஸ்டிக்கரில் இருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் வேறொரு திகதி. கடையில் கேட்டால், "நாங்கள் விற்கிறது மட்டும்தான், கொம்பனியைக் கேளுங்கோ" என்றார்கள். இதை எங்கே கொடுத்துச் சோதிக்கலாம் என்று விசாரித்தேன். அலைந்ததுதான் மிச்சம்.

வெறும் சத்துக் குளிசைதானே என்று இதை விட்டுவிட முடியாது. 2008இல் அமெரிக்காவில் விற்ற ஒரு சத்துப் பானத்தில் செலினியம் என்ற தாதுச்சத்து 200 மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது 40,800 மைக்ரோகிராம். 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், முடி கொட்டியது, நகம் நிறம் மாறியது. கலக்கும் இடத்தில் நடந்த பிழை. அங்கேகூட இத்தகைய பொருள்களை விற்பனைக்கு முன் அரசு சோதித்து அனுமதிப்பதில்லை.

இலங்கையில் 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை வந்தது. மருந்துக்கும் உணவுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டு உற்பத்திகளையும் அந்தச் சட்டம் உள்ளடக்குகிறது. சரி, சட்டம் இருக்கிறது. ஆனால் பதிவுக்குக் கொடுக்கும் மாதிரி வேறு, கச்சான் அடிக்கிற ஆடியில் தகரக் கூரைக்குக் கீழே மூன்று மாதம் கிடந்த போத்தல் வேறு. "30 பாகைக்குக் குறைவான வெப்பத்தில் வைக்கவும்" என்று போத்தலிலேயே போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் குளிரூட்டி இல்லாமல் அது எப்படி முடியும்? விற்றமின் சி போன்றவை சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்துவிடும். கடல்காற்றின் ஈரத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாமியின் குளிசை ஒன்றை இளஞ்சூட்டு நீரில் போட்டுப் பார்த்தேன். இரண்டு மணித்தியாலம் கழித்தும் கூழாங்கல் போலவே கிடந்தது. வீட்டுச் சோதனையில் தெரிவது அவ்வளவுதான். உள்ளே எத்தனை அலகு, ஈயம் கலந்திருக்கிறதா, கிருமி உண்டா என்பதெல்லாம் ஆய்வுகூடத்தில்தான் தெரியும்.

ஆகவே சம்பந்தப்பட்ட அதிகாரிகளிடம் கேட்கிறேன். திருகோணமலை, கிண்ணியா, மூதூர்க் கடைத் தட்டுகளிலிருந்தே சொல்லாமல் கொள்ளாமல் மாதிரி எடுங்கள். முடிவைப் போத்தலிலுள்ள தொகுதி (batch) இலக்கத்துடன் தமிழ்ப் பத்திரிகைகளில் போடுங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியவற்றை அன்றே அகற்றுங்கள். கிளினிக்குகளில் வயதானவர்களிடம், "பார்சலில் வந்த குளிசை ஏதும் போடுகிறீர்களா" என்று ஒரு தடவை கேட்டாலும் பெரிய உதவி. அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் அதை மருந்தாக நினைக்காததால் சொன்னதில்லை.

நான் வாங்கிய போத்தலில் இன்னும் 38 குளிசைகள் இருக்கின்றன. பற்றுச்சீட்டையும் வைத்திருக்கிறேன். சோதிக்க யார் முன்வந்தாலும் கொண்டுவந்து தருகிறேன்.

ஒரு வாசகி,
உவர்மலை,
திருகோணமலை.