துளசி மாடத்துச் செங்கல்லுக்கு ஒரு நன்றி மடல்

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை புதிய துளசி மாடத்தைப் பார்க்க வந்தவர்கள், “நீங்களே அறுத்த செங்கல்லா?” என்று கேட்டார்கள். (கல் அறுப்பது என்றால் மண்ணை அச்சில் அடித்து எடுப்பது.) நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டேன். அது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. உண்மையில் நான் மட்டும் அறுத்தவை 20 கற்கள். அவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டியபோது கிடைத்த களிமண் வீணாகக் கிடக்கிறதே என்றுதான் ஆரம்பித்தேன். மண்ணை அப்படியே குழைத்து, கடலை எண்ணெய் தடவிய பெட்டியில் அடைத்து, மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்தேன். பாதி பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. மீதி மூன்றாம் நாள் பாளம் பாளமாக வெடித்தது.

பக்கத்து மனையில் சித்தாள் வேலைக்கு வரும் அம்மாவுக்குத்தான் முதல் நன்றி. திருவள்ளூர் பக்கத்துச் சூளைகளில் பல வருடம் கல் அறுத்தவர். என் மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார். வெறும் களி காயும்போது சுருங்கும், சுருங்க இடமில்லாவிட்டால் வெடிக்கும் என்று சொல்லி, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல் சேர்க்க வைத்தார். பெசன்ட் நகர் கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது என்று நான் வாயெடுத்ததும், கடல் மணல் போட்டால் கல்லில் உப்புப் பூக்கும் என்று தடுத்துவிட்டார். இரண்டு இரவு ஊறவைத்து, காலால் மிதித்து, கொழுக்கட்டை மாவை விடச் சற்றே தளர்ந்த பதத்துக்குக் கொண்டுவந்தோம். எண்ணெய்க்கு வேலையே இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் அச்சைத் தண்ணீரில் முக்கி, உள்ளே பொடிமணல் தூவ வேண்டும். மண்ணை ஒரே உருண்டையாக எடுத்து ஓங்கி அறைய வேண்டும். சிறிது சிறிதாக அடைத்தால் ஒட்டுப்போட்ட இடத்திலேயே பிளக்குமாம். நான் மென்மையாக வைத்துக்கொண்டிருந்தேன், கோயில் பிரசாதம் போல.

அச்சு செய்து தந்த தச்சருக்கு நன்றி. மணல் கலந்த மண்ணில் 10 செ.மீ. கோடு கிழித்துக் காயவைத்தபோது அது 9.4 ஆகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் 9 அங்குலக் கல்லுக்கு 9½ அங்குல அச்சு செய்தார். அடிப்பக்கத்தை மேல்பக்கத்தை விட ஒரு நூல் அகலமாக்கி, உள்புறத்தை வழவழவென்று இழைத்தும் கொடுத்தார். அச்சை நேராகத் தூக்கினால் கல் தானாகக் கழன்று நிற்கிறது.

கீழ்வீட்டு அக்கா, உங்களிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். மதியம் கிளம்பும் கடற்காற்று மாடிக் கற்களின் கிழக்குப் பக்கத்தை மட்டும் முதலில் உலர்த்தி வளைத்துவிடுகிறது என்று அந்த அம்மா கண்டுபிடித்ததும், உங்கள் கார் நிறுத்துமிடம்தான் நிழலாகக் கண்ணில் பட்டது. 11 நாள் உங்கள் கார் தெருவில் நின்றது. ஈரக்கோணி போர்த்திய கற்கள் உள்ளே ஓய்வெடுத்தன. நான்காம் நாள் ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தது நீங்கள்தான், நான் வெளியூரில் இருந்தேன். உங்கள் பூனை நடந்துபோன கல்லை மாடத்தின் முன்வரிசையில் பதித்திருக்கிறேன்.

இந்தத் தடவை அறுத்த 110 பச்சைக்கற்களில், அதாவது இன்னும் சுடாத கற்களில், காயும்போது வீணாய்ப் போனவை நான்குதான். மீதியைத் தன் சூளையில் அடுக்க இடம் கொடுத்தவர் செங்குன்றம் பக்கத்துக் குயவர். முதல் இரவு முழுவதும் சிறுதீதான். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும் முன்பே தீயைக் கூட்டினால் கல் வெடித்துச் சிதறும் என்றார். எரித்து முடித்த பிறகும் இரண்டு நாள் சூளையைத் திறக்க விடவில்லை. என் அவசரத்தை அவர் மதிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தபின் மூன்று கற்களில் வெள்ளைப் புள்ளி தெரிந்து, மேல்தோல் உதிர்ந்தது. மண்ணில் கிடந்த கிளிஞ்சல் சூளையில் வெந்து சுண்ணாம்பாகி, பிறகு ஈரம் குடித்து உப்பியிருக்கிறது என்று தொலைபேசியிலேயே சொன்னார். மண்ணைச் சலிக்காதது என் சோம்பல்.

மாடத்துக்கு 96 கல் போக, ஏழு மீதம். பூந்தொட்டி வைக்கக் கீழ்வீட்டு அக்கா கேட்டிருக்கிறார். அவருக்கே கொடுத்துவிடுகிறேன். அச்சு என்னிடம்தான் இருக்கிறது. வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம், கழுவித் திருப்பித் தந்தால் போதும்.

அன்புடன்,
மாடிவீட்டுக்காரன்