காலையில் வைக்கும் முதல் எட்டு

அன்புள்ள அம்மாடி,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது சார்ஜரை எடுக்க எழுந்து போனாய். போனைக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்ததால் நீ நடந்தது முழுவதும் எனக்குத் தெரிந்தது. இடது குதிகாலை ஊன்றாமல், முன்பாதத்தின் ஓரத்தில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து எட்டு வைத்தாய். திரும்பி வரும்போது சாதாரணமாகத்தான் வந்தாய். கேட்டதற்கு, "அது ஒண்ணுமில்லைப்பா, நாலு எட்டு வச்சா சரியாயிடும்" என்றாய். அப்புறம் பேச்சோடு பேச்சாக, வலது காலில் பின்பக்க நரம்பும் இழுக்கிறது என்றாய். அதே நடையை 14 மாதம் நடந்தவன் நான். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நாலு எட்டில் சரியாகிவிடுவதுதான் இந்த வலியின் குணமே. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரைக்கும் உள்ளங்காலில் ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. பிளான்டார் ஃபேஷியா என்பார்கள். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடப்பதால் அந்தப் பட்டை இரவெல்லாம் தொய்ந்து, சுருங்கியே கிடக்கும். காலையில் எழுந்து முழு உடம்பையும் அதன்மேல் ஏற்றினால் ஆணி இறங்குவது போல் குத்தும். நடக்க நடக்க இளகிவிடும். இளகியதையே குணமாகிவிட்டதாக நினைத்து நானும் தினமும் 6 கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தேன். நடக்கும்போது ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் ஆணி இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்கும்.

நான் செய்த தவறுகளை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் எக்ஸ்ரே எடுத்தேன். குதிகாலில் எலும்பு முள் வளர்ந்திருக்கிறது என்றார்கள். நடக்கும்போதெல்லாம் அந்த முள் உள்ளே குத்துவதாகவே கற்பனை செய்து பயந்தேன். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் எக்ஸ்ரேயில் அதே முள் தெரியும் என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிறகு ஒரு மருத்துவர், காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். மூன்று வாரம் சொர்க்கம். பழையபடி நடந்தேன். அப்புறம் வலி முன்னைவிட மோசமாகத் திரும்பியது. பயந்துபோய் ஆறு வாரம் நடையையே நிறுத்தினேன். வலி அடங்கியது. ஏழாவது வாரம் அதே 6 கிலோமீட்டரை ஒரே நாளில் நடந்தேன். மறுநாள் கழிவறைக்குப் போக உங்கள் அம்மா கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பாதத்தை மடியில் எடுத்து வைத்து, குதிகாலின் உட்பக்க முன்விளிம்பில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். நான் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "இதுதான் இடம்" என்றாள். பிறகு அவள் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை: "ஒற்றைக்காலில் நின்று எத்தனை முறை குதிகாலைத் தூக்க முடியும்?" நல்ல காலில் 18. வலிக்கிற காலில் 5. அதற்கு மேல் கெண்டைக்கால் நடுங்கிற்று.

அன்று அவள் சொன்னதை இன்னும் மறக்கவில்லை. இதை வீக்கம், அழற்சி என்று நினைத்துத்தான் மாத்திரையும் ஐஸும் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். ஆனால் 2003இல் லெமோன்ட் என்ற பாத மருத்துவரும் அவர் குழுவும், குதிகால் அறுவைச் சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சியைக் காணவில்லை. இழைகள் சிதைந்து, நைந்து போயிருந்தன. நைந்த கயிற்றை ஐஸில் வைத்தால் முறுக்கேறுமா? சும்மா கிடத்தினாலும் ஏறாது. உயிருள்ள கயிறு என்பதால் அதற்கு ஒரு வழி இருக்கிறது: அளவாகச் சுமை கொடுத்தால் தன்னைத்தானே திரும்ப முறுக்கிக்கொள்ளும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். என் ஆறு வார ஓய்வில் வலி அடங்கியது, பட்டையோ இன்னும் பலவீனமானது. அதன்மேல் 6 கிலோமீட்டரைத் தூக்கிப் போட்டேன்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். ஒரு துண்டை இறுகச் சுருட்டி மாடிப்படியின் விளிம்பில் வை. கால்விரல்கள் அந்தச் சுருள்மேல் ஏறி மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளங்கால் பட்டை விறைக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நில். 3 விநாடியில் குதிகாலைத் தூக்கு. உச்சியில் 2 விநாடி நிறுத்து. 3 விநாடியில் இறக்கு. வாய்விட்டு எண்ணு, இல்லாவிட்டால் அவசரப்படுவாய். 12 முறை தூக்கினால் 13ஆவது முடியாது என்கிற அளவுக்குச் சுமை இருக்க வேண்டும். அப்படி 3 சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள், தினமும் வேண்டாம். இரண்டு வாரம் கழித்துச் சுமையைக் கூட்டி 10 முறை, 4 சுற்று. இன்னும் இரண்டு வாரம் போனால் 8 முறை, 5 சுற்று. ஒற்றைக்காலில் முடியவே இல்லையென்றால் இரண்டு காலாலும் தூக்கித் தொடங்கு.

சுமைக்கு நான் உன் பழைய பள்ளிப்பையைத்தான் எடுத்தேன். முதலில் உன் அகராதி ஒன்று. பிறகு பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல். மூன்றாவது மாதம் பை தைத்த இடத்தில் பிரியத் தொடங்கிற்று, உன் அம்மா ஊசி நூலெடுத்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பை இன்னும் படிக்கட்டுப் பக்கத்தில்தான் தொங்குகிறது.

இந்தப் பயிற்சியை டென்மார்க்கில் ராத்லெஃப் என்பவரின் குழு 48 பேரிடம் சோதித்தது. மூன்றாவது மாதத்தில், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே நீட்டலையும் ஒதுக்காதே. படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, விரல்களை முழங்காலை நோக்கி இழுத்து 10 விநாடி பிடி. இப்படிப் 10 முறை. முதல் எட்டு வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும், அதுதான் முக்கியம். குதிகாலுக்கு மெத்தென்ற ஒரு திண்டு செருப்பில் வைத்துக்கொள், வீட்டிலும் வெறுங்காலோடு நடக்காதே.

வலது காலின் கதை வேறு. நீ நரம்பு என்றது உண்மையில் நரம்பு இல்லை, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டும் நாண், அக்கிலிஸ் நாண். அதை இரண்டு விரலால் கிள்ளிக்கொண்டே மேலிருந்து கீழே வந்து பார். எலும்புக்குச் சில விரற்கடை மேலே, நாணின் நடுவில் வலிக்கிறதா? அல்லது எலும்பில் வந்து ஒட்டும் இடத்திலேயே வலிக்கிறதா? இதை முதலில் தெரிந்துகொள். நடுவில் என்றால் படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலைப் படிக்குக் கீழே வரை மெதுவாக இறக்கலாம். ஒட்டும் இடத்தில் என்றால் கூடவே கூடாது. குதிகால் கீழே இறங்க இறங்க, நாண் அந்த எலும்பின்மேல் நசுங்கும். தரையில் நின்றே தூக்கி இறக்கு, தரைமட்டத்துக்குக் கீழே போகாதே, கெண்டைக்கால் நீட்டலையும் விட்டுவிடு. ஒரே பயிற்சியை எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பதால் எத்தனையோ பேர் வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

படியில் இறக்கும் பயிற்சிக்குப் பெயர் வாங்கித் தந்தவர் ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவர். அவருக்கே இந்த நாண்வலி இருந்தது. அறுவை செய்யச் சொன்னால் மறுத்துவிட்டார்கள். சரி, நாண் அறுந்தால் செய்துதானே ஆக வேண்டும் என்று வலியோடு வலியாகச் சுமையை ஏற்றினாராம். நாண் அறுவதற்குப் பதிலாகக் குணமாகிவிட்டது. 1998இல், பொழுதுபோக்காக ஓடும் 15 பேருக்கு 12 வாரம் அதையே கொடுத்து, அவர்கள் எல்லாரும் திரும்ப ஓடியதை வெளியிட்டார். முழங்காலை நேராக வைத்து 15 முறை, 3 சுற்று. மடக்கி வைத்து 15 முறை, 3 சுற்று. காலை மாலை இரண்டு வேளை. ஒரு நாளைக்கு 180 முறை! வேலைக்குப் போகிறவர்களால் ஆகுமா? பின்னால் வந்த ஆய்வில், வாரம் மூன்று நாள் கனமான சுமையோடு மெதுவாகச் செய்ததும் அதே பலனைத் தந்தது. உனக்கு அதுவே போதும்.

ஓடலாமா என்று நீ கேட்பாய். அடியோடு நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன். 2007இல் ஸ்வீடனில் வந்த இன்னொரு ஆய்வில், நாண்வலிக்காரர்கள் 38 பேரில் ஒரு பாதியை ஓடவிட்டார்கள், மறுபாதியை ஆறு வாரம் ஓடாமல் வைத்தார்கள். பயிற்சி இரண்டு பக்கத்துக்கும் உண்டு. ஓடியவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் ஒரு கட்டுப்பாடு இருந்தது: வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் அது தணிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் காலை வலியும் விறைப்பும் ஏறக் கூடாது.

எனக்கு வழிகாட்டியது இந்த மறுநாள் காலைதான். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நோட்டு வைத்தேன். முதல் எட்டு வைத்ததும் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண், அவ்வளவுதான். முதல் பக்கம் 7, 7, 8, 6. ஏழாவது வாரம் திடீரென்று மறுபடி 7. பின்னால் புரட்டிப் பார்த்தேன்: முந்தின நாள் தூரத்தையும் கூட்டி, மேட்டுப் பாதையிலும் நடந்திருக்கிறேன். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும், தூரமோ வேகமோ மேடோ. ஐந்தாவது மாதத்தில்தான் ஒரு வாரம் முழுக்க 1, 0, 1 என்று வந்தது. இதில் குறுக்குவழி கிடையாது கண்ணு. ஆறு வாரம் செய்துவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நானும் விட இருந்தேன், அந்த நோட்டுதான் விடவில்லை.

ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் யோசி. உள்ளங்கால் பட்டை கிழிவதும் குதிகாலின் கொழுப்புத் திண்டு மெலிவதும் நடக்கக்கூடியவை. அக்கிலிஸ் நாணுக்குள் ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம். இன்னொன்று: காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ ஆன்டிபயாடிக் எழுதினால் உன் நாண்வலியை மருத்துவரிடம் சொல். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் நாண் அறுவதற்குக் காரணமாகலாம் என்று 2008இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவற்றின் அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது.

இதெல்லாம் சாதாரண வலிக்கு. குதிகால் எலும்பை இரண்டு பக்கமும் கையால் அமுக்கினால் வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, மரத்துப்போனாலோ, எரிந்தாலோ, இரண்டு குதிகாலோடு இடுப்பும் காலையில் வெகுநேரம் விறைத்தாலோ, பயிற்சி செய்யாதே, மருத்துவரைப் பார். எலும்பில் மெல்லிய விரிசலாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் சட்டென்று அடித்தால் நாண் அறுந்திருக்கும், அன்றைக்கே போக வேண்டும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

பத்து வாரத்தில் வரும் 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய். அதைப் பற்றி இப்போது முடிவு செய்யாதே, நானும் வற்புறுத்தவில்லை. நாளையிலிருந்து ஒரு நோட்டு போடு, இடது ஒரு எண், வலது ஒரு எண். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஏழு நாள் எண்களையும் வாசி. போனை அன்று வைத்த மாதிரியே கட்டிலில் சாய்த்து வை, எழுந்து நாலு எட்டு நட, நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா