விமான தூரக் கணக்கு சொல்லும் இணையதளங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் பயண நேரமும் காட்டும் தளங்களை நடத்துகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

சென்னை, டொராண்டோ என்று கொடுத்தால் தூரம் சுமார் 13,400 கிலோமீட்டர் என்று வருகிறது. சரி, உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வழி அவ்வளவுதான். ஆனால் அதை மணிக்கு 850 கிலோமீட்டரால் வகுத்து, 16 மணி நேரம் போல ஒரு விடையைப் 'பயண நேரம்' என்று பக்கத்திலேயே போடுகிறீர்கள். அந்த நேரத்துக்குள் யாராலும் போய்ச் சேர முடியாது. சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானமே கிடையாது. லண்டன், துபாய், தோஹா போன்ற ஏதாவது ஓர் ஊரில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். லண்டன் வழியென்றால் முதலில் பத்தரை, பதினோரு மணி நேரம், அப்புறம் ஏறத்தாழ எட்டு மணி நேரம், நடுவில் காத்திருப்பு. இருபது மணி நேரம் தாராளமாகத் தாண்டிவிடும்.

நீங்கள் வரைபடத்தில் போடும் கோடு பாகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா, கிரீன்லாந்து என்று போகிறது. 2022 பிப்ரவரியிலிருந்து கனடா, பிரிட்டன், ஜெர்மனி நிறுவனங்களின் விமானங்கள் ரஷ்யாவின் மேல் பறக்க முடியாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. அதன் பிறகு வட அமெரிக்காவிலிருந்து டெல்லி வரும் ஏர் இந்தியா விமானங்கள் சில வியன்னாவில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. இந்த மாற்றம் எதுவும் உங்கள் கணக்கில் ஏறவில்லை. காற்றும் ஏறவில்லை. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்காற்றால் லண்டன்–நியூயார்க் பயணத்துக்கே போக ஒரு நேரம், வர ஒரு நேரம். வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

இதையெல்லாம் அடிக்கடி பறப்பவர்கள் அறிவார்கள். நான் கவலைப்படுவது மகனையோ மகளையோ பார்க்க டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குக் கிளம்பும் அப்பா அம்மாக்களைப் பற்றி. அவர்களில் பலர் சர்க்கரை நோய்க்காரர்கள். இன்சுலினை எப்போது போடுவது, எத்தனை வேளை மாத்திரையைக் கைப்பையில் வைப்பது என்பதைப் பயண நேரத்தை வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள். டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போடவும் எளிதில்லை, அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும் என்பதால், வழியில் எங்கே எழுந்து நடக்கலாம் என்பதும் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

தூரத்தை இப்போது போலவே காட்டுங்கள். நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். வகுத்து வரும் எண்ணை 'பயண நேரம்' என்று எழுதாமல் 'வானில் இருக்கும் நேரம், உத்தேசமாக' என்று எழுதுங்கள். போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் தனித்தனியே கொடுங்கள். மாறும் ஊரில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டிவரும் என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
வயதான பெற்றோரை விமானம் ஏற்றி அனுப்பும் ஒருவன்