காட்டோரத்தில் இரவு லாரிகள் நிற்க ஓர் இடம் கேட்டு மூன்றாம் முறையாக அளிக்கும் மனு

அனுப்புநர்:
லாரி புக்கிங் அலுவலகம் நடத்துபவர் மற்றும் ஓட்டுநர்கள் பதினொரு பேர்,
கூடலூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்.

பொருள்: முதுமலை – பண்டிப்பூர் சாலையில் இரவுத் தடை நேரத்தில் காத்திருக்கும் சரக்கு லாரிகளுக்கு வேலி, விளக்கு, கழிப்பறையுடன் நிறுத்துமிடம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சென்ற ஆண்டு ஆனி மாதம் நேரில் அளித்த மனு.
2. ஐப்பசியில் பதிவு அஞ்சலில் அனுப்பிய நினைவூட்டு மனு.

ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட இரண்டு மனுக்களுக்கும் இதுவரை பதில் வரவில்லை. தங்களுக்கு உள்ள வேலைப்பளுவை அறிவோம். ஆனாலும் மழைக்காலம் வரப்போவதால் மூன்றாம் முறையாக எழுதுகிறோம். பொறுமையுடன் படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இரவுத் தடையை நீக்கச் சொல்லி இந்த மனு வரவில்லை. 2009 முதல் பண்டிப்பூர் காட்டுக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகள் ஓடக்கூடாது என்பது எங்களுக்கு மனப்பாடம். அதற்கு முன்பு அந்தச் சாலையில் அடிபட்டுக் கிடந்த மான்களை எங்கள் ஓட்டுநர்களே பார்த்திருக்கிறார்கள். தடை இருக்கட்டும். தடை நேரத்தில் மனிதர்கள் எங்கே நிற்பது என்பதுதான் எங்கள் கேள்வி.

தடை நேரத்தில் வண்டிகளை நிறுத்தும் காட்டோரச் சோதனைச்சாவடியைத் தாங்கள் பலமுறை கடந்து போயிருப்பீர்கள். ஒன்பது மணிக்குக் கேட் போட்டதும் பின்னால் வரிசை நீள்வதையும் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் காடு, மறு பக்கம் வாய்க்கால், நடுவில் இரண்டு வண்டி ஒதுங்கும் அகலத்துக்குச் சாலை. எங்கள் லாரிகள் ஒன்பது மணி நேரம் நிற்பது அங்கேதான். அது சம்பந்தமான குறைகளைக் கீழே தருகிறோம்.

1. நிறுத்துமிடம் இல்லை. சாலையோரத்தில் நின்றால் ஆபத்தான இடத்தில் வண்டியை நிறுத்தியதாக அபராதம். நகர்த்து என்கிறார்கள், எங்கே நகர்த்துவது என்று சொல்வதில்லை.

2. "நேரத்தோடு வர வேண்டியதுதானே" என்று முதல் மனு கொடுத்தபோது கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எட்டு மணிக்குள் கேட்டைத் தாண்ட முடியாது என்று தெரிந்தால் புக்கிங் அலுவலகம் நடத்தும் நானே வண்டியை அனுப்புவதில்லை, மறுநாள் காலைக்கு மாற்றிவிடுவேன். ஆனால் கிளம்பிய பிறகு நடப்பது என் கையில் இல்லை. ஊட்டி மலைச்சாலையில் நடுவட்டம் பக்கம் மரம் விழுந்தால் இரண்டு மணி நேரம் போய்விடும். சீசன் நாளில் சுற்றுலா வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்தே வர வேண்டும். சுற்றிப் போகலாம் என்றால் வயநாடு வழியாகப் போகும் சாலையிலும் இதே தடை. சத்தியமங்கலம் காட்டு வழியான திம்பம் மலைச்சாலையில் 2022 பிப்ரவரி முதல் இரவுத் தடை, கனரக வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு வேறு.

3. எங்கள் வண்டிகளில் பாதி பிளாட்பெட். பக்கச் சுவர் கிடையாது. கம்பியோ, சிமென்ட் குழாயோ, டிரான்ஸ்ஃபார்மரோ, சரக்கைப் பிடித்து வைத்திருப்பது செயினும் கயிறும் மட்டுமே. மலைவளைவுகளில் இறங்கி வந்தால் கட்டு தளரும். நின்ற இடத்தில் ஓட்டுநர் இறங்கி, வண்டியை முழுச் சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு செயினையும் இழுத்துப் பார்த்து முறுக்கியாக வேண்டும். அதைச் செய்யாமல் காலையில் கிளம்பினால் குழாய் சரிந்து பின்னால் வருபவர் மேல் விழும். ஆகவே "கேபினை விட்டு இறங்காதே" என்ற அறிவுரை மூடு வண்டிக்காரருக்குச் சரி, எங்களுக்கு உதவாது. கைவிளக்கை வாயில் கடித்துக்கொண்டு, காட்டுக்கு முதுகு காட்டி நின்று செயின் முறுக்குகிறார்கள் ஐயா. முன்பு கிளீனர் ஒருவர் கூட இருப்பார். இப்போது கிளீனருக்குச் சம்பளம் கட்டுப்படியாகாமல் பல வண்டிகளில் ஓட்டுநர் மட்டும் தனியாகத்தான் போகிறார்.

4. கழிப்பறை இல்லை. இதை எழுதக் கூச்சமாக இருந்ததால் முதல் இரண்டு மனுக்களில் ஒரே வரியில் முடித்துவிட்டோம். இந்த முறை விரிவாகவே எழுதுகிறோம், ஏனென்றால் எல்லாவற்றிலும் அதிகம் வலிப்பது இதுதான். ஒன்பது மணி நேரம் ஐயா. எங்களில் இரண்டு பேருக்குச் சர்க்கரை நோய், இரவில் நான்கு முறை இறங்கியாக வேண்டும். இறங்கினால் ஒதுங்க இருப்பது காட்டின் விளிம்பு. அதற்குப் பயந்து மாலை நான்கு மணியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஒருவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து, மருத்துவர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார். எங்கே குடிப்பது?

சென்ற ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறோம். எங்கள் ஓட்டுநர் ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்கு வயிற்றுக் கோளாறால் இறங்கிப் போனார். திரும்பி வரும்போது அவருக்கும் லாரிக்கும் நடுவில் யானை நிற்கிறது. வாய்க்காலுக்குள் இறங்கி முழங்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்தார். செல்போனை எடுத்தால் வெளிச்சம் தெரியும் என்று அதையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பயனில்லை, அங்கே சிக்னல் கிடையாது. யானை அவர் வண்டியின் தார்ப்பாயை இழுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகப் போனது. விடியும் வரை அவர் மேலே ஏறவில்லை. காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தவர் அந்த மாதம் முழுக்க வண்டி எடுக்கவில்லை. யானையை நாங்கள் குறை சொல்லவில்லை. அது அதன் இடம், அதன் நேரம். அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார் என்றுதான் கேட்கிறோம்.

அவர் மனைவி என் அலுவலகத்துக்கு வந்து, "அண்ணா, அவரை அந்த ரோட்டுக்கு அனுப்பாதீங்க" என்றார். அனுப்பாவிட்டால் அவர்களுக்கு வாடகைப் பணம் இல்லை. அனுப்பினால் இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

5. சிக்னல். வண்டி ஒன்பது மணிக்குள் கேட்டைத் தாண்டியதா, வரிசையில் நிற்கிறதா என்பது எனக்குத் தெரியாது. ஜி.பி.எஸ். படத்தில் பழைய இடமே காட்டும். சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில் செல்லுபடியாவது சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அளவு மீறிய சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கே ஒரு நாள். நள்ளிரவில் காலாவதியாகும் பில்லைக் காலை 8 மணிக்குள் நீட்டியாக வேண்டும், அதற்கு வண்டி நிற்கும் இடத்தைக் குறிப்பிட வேண்டும். இடம் தெரியாமல் என்னத்தைக் குறிப்பிடுவது? காலாவதியான பில்லுடன் பிடிபட்டால் வரியைப் போல இரண்டு மடங்கு தண்டம்.

6. இரவு தங்க வேண்டிய இடங்களில் தொழிலாளர்களுக்கு ஓய்வறை வேண்டும் என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 அன்றே சொன்னது. அந்தக் கடமையை அது வைத்தது அரசுக்கு அல்ல, முதலாளிக்குத்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் வனத்தின் விளிம்பில் எங்களுக்கு ஏது நிலம்? எந்த அனுமதியைக் கேட்டு ஒரு செங்கல் வைப்பது? இடத்தைக் காட்டுங்கள், கழிப்பறையைச் சுத்தம் செய்யும் செலவை லாரிக்காரர்கள் நாங்கள் பங்கு போட்டுத் தருகிறோம். இதை ஐப்பசி மனுவிலும் எழுதினோம்.

7. காலை ஆறு மணி. கேட் திறந்ததும் இரவெல்லாம் நின்ற அத்தனை வண்டியும் ஒரே மூச்சில் காட்டுக்குள் பாய்கின்றன. யானையும் காட்டெருமையும் சாலையைக் கடக்கும் வேளை அது. எந்த விலங்குகளுக்காகத் தடை போட்டார்களோ அவற்றின் நடுவில்தான் தூக்கம் கெட்ட ஓட்டுநர்கள் முந்திக்கொண்டு போகிறார்கள். நிறுத்துமிடம் இருந்தால் டோக்கன் கொடுத்து, ஐந்தைந்து வண்டியாக விடலாம். லோடு பிரித்து அனுப்புவதுதான் என் தொழில். அந்த வரிசையை நானே தினமும் வந்து ஒழுங்கு செய்து தருகிறேன், கூலி வேண்டாம்.

ஆகவே நாங்கள் கேட்பது:

அ) காட்டு எல்லைக்கு முன்பே, ஊர்ப் பக்கமாக, முப்பது லாரி நிற்கும் அளவுக்கு ஒரு களம். சுற்றிலும் வேலி, விலங்குகளை உறுத்தாத தாழ்ந்த விளக்கு.

ஆ) கழிப்பறை. ஒன்றே ஒன்று போதும். வேறு எதையும் இப்போது செய்ய முடியாது என்றால் இதையாவது செய்யுங்கள். நான்கு சுவர், ஒரு கதவு, ஒரு குழாய். இதற்கா ஐயா இரண்டு மனு, ஒரு வருடம்?

இ) சிக்னல் கிடைக்காவிட்டால், களத்தில் கம்பிவழித் தொலைபேசி ஒன்று.

ஈ) கேட் மூடும் நேரத்தையும் களத்தில் இடம் இருப்பதையும் காட்டும் பலகை, மலைக்கு மேலேயே.

மேலே கடுமையான சொல் வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். கோபம் தங்கள் மேல் அல்ல, பதிலே வராத அந்த ஒரு வருடத்தின் மேல். ஒரே ஓர் இரவு, ஒன்பது மணிக்கு மேல், தாங்கள் அந்த வரிசைக்கு வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தேதியைச் சொன்னால் எங்கள் வண்டியிலேயே அழைத்துப் போகிறோம். வர இயலாவிட்டால், இந்த மனு கிடைத்தது என்று ஒரு வரியாவது எழுதி அனுப்புங்கள்.

அடைமழை தொடங்குவதற்குள் அந்த நான்கு சுவரையாவது எழுப்பித் தரும்படி மீண்டும் பணிந்து வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லாரி புக்கிங் அலுவலகம் நடத்துபவர்
மற்றும் ஓட்டுநர்கள் பதினொரு பேர்.

இணைப்பு: முந்தைய இரு மனுக்களின் நகல், பதிவு அஞ்சல் ரசீது, யானை கிழித்த தார்ப்பாயின் புகைப்படம்.