வெள்ளோட்டத் தேரில் சுவாமியை ஏற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் தொழில்நுட்பப் பக்கத்தை நான் ஒரு வாரமும் தவறவிடுவதில்லை. அதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு. ஞாயிறன்று அந்தப் பக்கத்தில் எது வருகிறதோ, அது புதன், வியாழனுக்குள் என் கடை மேசைக்கு வந்துவிடும். திருகோணமலை மத்திய வீதியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பொத்தான் போன் காலத்திலிருந்து இதே தொழில்.

சில வாரங்களுக்கு முன், போனை இயக்கும் புதிய இயங்குதளத்தின் பீட்டா பதிப்பை, அதாவது வேலை முடியும் முன் சோதனைக்காக விடும் பதிப்பை, எல்லோருக்கும் முன்னரே பெற்றுக்கொள்ளும் வழியை அப்பக்கத்தில் படம் போட்டு விளக்கியிருந்தீர்கள். எங்கே அழுத்துவது, எதற்குச் சம்மதம் கொடுப்பது என்று எல்லாம் இருந்தது. போன வழியே திரும்பி வருவது எப்படி என்று மட்டும் ஒரு வரியும் இல்லை. அந்த வரியைத் தேடிக்கொண்டு சனங்கள் என்னிடம் வருகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நிலாவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். பயணிகளைப் படகில் புறாத்தீவுக்குக் கூட்டிச் செல்பவர். விடியற்காலையில் திமிங்கிலம் காட்டவும் போவார். எங்கள் கரையில் கடல் அடங்கிக் கிடக்கும் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரைதான் அவருக்கு உழைப்பு. மாரி தொடங்கினால் படகு மணலில் ஏறிவிடும். அந்த ஐந்தாறு மாதங்களுக்கு அவருடைய கந்தோர், கணக்குக் கொப்பி, விளம்பரப் பலகை எல்லாமே ஒரேயொரு போன்தான். அதில் பீட்டாவை ஏற்றியிருந்தார்.

"இதற்கு என்ன வருத்தம், தம்பி?" என்று கேட்டேன்.

"தானாக நின்று நின்று எழும்புகிறது, அண்ணை. நாலரை மணிக்கு வைத்த அலாரமும் அடிக்கவில்லை. ஜேர்மன் குடும்பம் ஒன்று கரையில் நின்று பார்த்துவிட்டு வேறு படகில் போய்விட்டது" என்றார். அவர் நீட்டிய போனைக் கையில் வாங்கியவன் உடனே மேசையில் வைத்துவிட்டேன். அப்படியொரு சூடு.

முழுவதையும் அழித்துவிட்டுப் பழைய பதிப்பை ஏற்றுவதுதான் வழி. அழிப்பதற்கு முன் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். டேட்டா தீர்ந்துவிடும் என்ற பயத்தில், வாட்ஸ்அப் தகவல்களை இணையத்தில் சேமிக்கும் வசதியைத் தம்பி நிறுத்தி வைத்திருந்தார். ஆகவே வயரைச் செருகிக் கணினிக்குப் பிரதி எடுக்கத் தொடங்கினோம். போன் எழும்பினால் ஏறக்குறைய ஏழு நிமிடம் நிற்கும், பிறகு விழும். எழும்பும் ஒவ்வொரு முறையும் அவர் பூட்டைத் திறக்கக் கோடு இழுப்பார். கோப்புகளை எடுக்க அனுமதி கேட்கும், அதைக் கொடுப்பார். நான் அவசரமாக ஒரு கோப்புறையை இழுத்துப் போடுவேன். நடுவில் அது விழுந்தால், பாதியில் அறுந்த படங்கள் மேலே கடலும் கீழே சாம்பல் நிறமுமாகக் கணினியில் திறக்கும். அவற்றை அழித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து. மாலை நாலு மணிக்குத் தொடங்கியது. மேசை விசிறியைப் போனுக்குத் திருப்பிவிட்டு நாங்கள் இருவரும் வியர்த்துக்கொண்டிருந்தோம். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் என்ன என்று பக்கத்துக் கடைக்காரர் ஆலோசனை சொன்னார். தயவுசெய்து வாசகர்கள் யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். போனின் உள்ளே நீர் வியர்த்து, திருத்த முடியாமலே போய்விடும். இரவு ஒன்பதரைக்கு நகரத்து மான் ஒன்று வந்து வாசலில் கிடந்த காட்போட் பெட்டியைத் தின்றுவிட்டுப் போனது. அப்போதும் நாங்கள் கோடு இழுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

படங்கள் பெரும்பாலும் வந்தன. வாட்ஸ்அப் கோப்பும் வந்தது. விடுதிக்காரர்கள் அனுப்பிய குரல் பதிவுகள் இருந்த கோப்புறை ஒன்று கடைசிவரை வரவில்லை. கூலி எவ்வளவு வாங்கினேன் என்பதை எழுத மாட்டேன். என் மனைவியும் உங்கள் வாசகி.

இதில் பீட்டாவைத் திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. எந்தப் பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் போன் ஓரிரு நாள் சூடேறும். செயலிகளைப் புதிய தளத்துக்கு ஏற்ப ஒழுங்குபடுத்துவதும் படங்களைத் திரும்ப அட்டவணைப்படுத்துவதுமாக உள்ளே வேலை நடக்கும். பீட்டாவில் அதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. எங்கே தடுக்கி விழுந்தது என்று பிறகு கண்டுபிடிப்பதற்காகத் தன் நடமாட்டத்தையெல்லாம் அது எழுதி வைத்துக்கொண்டே ஓடும். வேகத்தையும் பற்றரிச் செலவையும் சீர்செய்யும் வேலை பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் நடக்கும். முதல் பீட்டா மந்தமாக இருப்பது அதன் இயல்பு. போதாததற்கு, அப்பிள் நிறுவனம் ஐபோனுக்கான புதிய பதிப்பின் பீட்டாக்களை வெளியிடுவது ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை. திருகோணமலையில் அது கச்சான் காற்று வீசும் காலம். இங்கே வெயிலில் வைத்தால் சும்மா கிடக்கும் போனே கொதிக்கும்.

தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். உங்கள் பக்கம் அந்தச் சொல்லையே எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் இருந்திராது. கோவிலுக்குப் புதுத் தேர் செய்தால் வெள்ளோட்டம் விடுகிறோம். சனம் கூடும், வடம் பிடிக்கும். ஆனால் சுவாமியை அன்று தேரில் ஏற்றுவதில்லை. அச்சு எங்கே முறுகுகிறது, சில்லு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஆசாரியார் கூடவே நடந்து பார்த்துக்கொண்டு வருவார். வங்கிக் கணக்கும், பிள்ளையின் உயர்தரப் பரீட்சைக் குறிப்புகளும், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் அழைப்பும் உள்ள ஒரே போனில் பீட்டாவை ஏற்றுவது, வெள்ளோட்டத் தேரில் மூலஸ்தானத்தையே பெயர்த்து ஏற்றுவதற்குச் சமம்.

முன்பு இதற்கு வேலி இருந்தது. ஐபோனுக்கு அப்பிள் 2015இலும், அண்ட்ராய்டுக்குக் கூகுள் 2016இலும் பொதுமக்களுக்கான பீட்டாத் திட்டங்களைத் திறந்தன. இருந்தாலும் ஐபோனின் மிக முந்திய பதிப்புகள், ஆண்டுக்கு 99 டொலர் கட்டும் செயலி உருவாக்குநர்களுக்கு என்றே இருந்தன. 2023இல் அந்தக் கட்டணம் இல்லாமலே யாரும் இறக்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் அப்பிள் 18ஆம் பதிப்பில் இருந்து ஒரே பாய்ச்சலாக 26க்குப் போனபோது, "இடையில் ஏழு அப்டேட்டுகளைத் தவறவிட்டுவிட்டேனா?" என்று ஓர் ஆசிரியை பதற்றத்தோடு கடைக்கு வந்தார். கண்ணாடி போன்ற புதுத் தோற்றத்துக்கு ஆசைப்பட்டுப் பலர் அந்த மாதமே ஏற்றினார்கள். எழுத்து வாசிக்க முடியவில்லை என்று உலகெங்கும் முறைப்பாடு எழ, ஒரு பீட்டாவில் கண்ணாடி மங்கியது; அடுத்ததில் மறுபடி தெளிந்தது. வெள்ளோட்டம் என்றால் இப்படித்தான் இருக்கும். 2018 ஓகஸ்டில் வந்த ஐஓஎஸ் 12இன் ஏழாவது பீட்டாவை, வேகம் மிகக் குறைந்துவிட்டது என்று வெளியிட்ட அன்றே அப்பிள் திருப்பி எடுத்தது. அதே மாதக் கடைசியில் வந்த இன்னொரு பீட்டா, இல்லாத அப்டேட் ஒன்று வந்திருப்பதாகப் பூட்டைத் திறக்கும்போதெல்லாம் அறிவித்துக்கொண்டே இருந்தது.

திரும்பும் வழியைப் பற்றி உங்கள் பக்கம் எழுதியிருக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுளின் பீட்டாத் திட்டத்தில் இருந்து நடுவழியில் விலகினால் போனில் உள்ளவை அழியும். முழுப் பதிப்பு வரும்வரை பொறுத்திருந்து விலகினால் அழியாது. ஐபோனைப் பழைய பதிப்புக்குக் கொண்டுவரக் கணினி வேண்டும். புதிய பதிப்பில் இருந்தபடி எடுத்த பிரதியைப் பழைய பதிப்பு ஏற்றுக்கொள்ளாது. ஆகவே பீட்டாவைத் தொடுவதற்கு முன்னரே கணினியில் ஒரு பிரதி எடுத்துத் தனியாக வைத்திருக்க வேண்டும். சில வங்கிச் செயலிகள் பீட்டாவில் திறக்க மறுக்கும். காசு அனுப்ப வேண்டிய அன்றுதான் அது தெரியவரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பீட்டாவே வேண்டாம் என்று எழுதச் சொல்வேன் என நீங்கள் எதிர்பார்க்கலாம். சொல்ல மாட்டேன். 2018 பெப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று, 'ஜ்ஞா' என்று ஒலிப்பது, குறுஞ்செய்தியாக வந்தாலே ஐபோனின் செய்திச் செயலிகள் முடங்கிப்போயின. அது வழக்கமான பதிப்பில் இருந்த பிழை. அப்போது சோதனையில் இருந்த ஐஓஎஸ் 11.3 பீட்டாவில் அது இருக்கவில்லை. மற்றவர்களுக்குச் சில நாள் கழித்து 11.2.6 என்று அவசரத் திருத்தம் வந்தது. நம் அயல் மொழிக்கு நடந்தது நமக்கும் நடக்கலாம். இணைந்தும் பிரிந்தும் நிற்கும் நம் எழுத்துகளை, அவற்றை நாள்தோறும் எழுதுகிறவன் பார்த்தால்தான் பிழை கண்ணில் படும். ஒரு பீட்டாவில் 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கமும், புள்ளியால் ஆன வெறும் வட்டம் ஒன்று நடுவிலும், கால் மறுபக்கமுமாக விழுந்ததை என் மேசையிலேயே கண்டிருக்கிறேன். பீட்டாவோடு முறைப்பாடு எழுதும் செயலி ஒன்றும் சேர்ந்தே வருகிறது. என் கடைக்கு வந்தவர்களில் ஒருவரேனும் அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

அடுத்த முறை பீட்டாவைப் பற்றி எழுதும்போது, மேலாக ஒரு பெட்டி கட்டி, "உங்களிடம் இரண்டாவது போன் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் அப்பக்கத்தைக் கடந்து விளையாட்டுச் செய்திக்குப் போகச் சொல்லுங்கள். இருக்கிறது என்பவர்களுக்கு, ஏற்றும் வழிக்குப் பக்கத்திலேயே முறைப்பாடு எழுதும் வழியையும் கற்றுக்கொடுங்கள். தமிழில் எதைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட விரும்பினால், இலவசமாக எழுதித் தர நான் ஆயத்தம்.

அந்தத் தம்பி இப்போது என்னிடம் இருந்தே கண்ணாடி வெடித்த பழைய போன் ஒன்றை வாங்கிப் போயிருக்கிறார். பீட்டாவெல்லாம் அதில்தான். தொழில் போனைக் கிட்டவும் கொண்டுபோவதில்லை. போன கிழமை அதைக் கொண்டுவந்து காட்டினார். நாட்காட்டியில் 'கோணேஸ்வரம்' என்று எழுதினால் வரி முடிகிற இடத்தில் 'கோணேஸ' மேலேயும், அதன் புள்ளி தனியே உருண்டு அடுத்த வரியிலும் நிற்கிறது. என் மகளின் உதவியோடு ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதி, படமும் இணைத்து, கடையில் இருந்தே அனுப்பினோம். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
கைத்தொலைபேசி திருத்துநர் ஒருவர்,
மத்திய வீதி, திருகோணமலை.