வீட்டிலிருந்து ஆசிரியர் கல்வி பயில்வோரையும் எண்ணிக் கால அட்டவணை வகுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய இதழாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரியர் பட்டப்படிப்பில் சேரும் மாணவர் விடுதியில் தங்குவது நல்லதா, வீட்டிலிருந்து சென்று வருவது நல்லதா என்ற பேச்சு ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் எழுகிறது. பெற்றோர் செலவைக் கணக்கிடுகிறார்கள். மூத்த மாணவர்கள் விடுதியின் சுதந்திரத்தைப் புகழ்கிறார்கள். இந்தப் படிப்புக்கென்றே உள்ள தேவைகளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. வீட்டிலிருந்தே பயின்று இறுதியாண்டுக்கு வந்திருப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மாணவர் எல்லாரும் வளாகத்துக்குள்ளேயே குடியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு பல்கலைக்கழகங்கள் கால அட்டவணை வகுப்பதால்தான் வீட்டிலிருந்து வருவோர் பின்தங்க நேரிடுகிறது.

பின்தங்குவது உண்மையா என்று கேட்கலாம். அமெரிக்கக் கல்வியாளர் ஆர்தர் சிக்கரிங், விடுதி மாணவர்களையும் வீட்டிலிருந்து வருவோரையும் ஒப்பிட்டு 1974ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பேராசிரியர்களோடும் சக மாணவர்களோடும் பழகுவதிலும் வகுப்புக்கு வெளியே நடப்பவற்றில் பங்கேற்பதிலும் பின்னவர்கள் குறைவாகவே ஈடுபடுகிறார்கள் என்று காட்டினார். அதைப் படித்துவிட்டு, அப்படியானால் விடுதிக்குப் போங்கள் என்று சொல்வது எளிது. வசதியில்லாதவர்களும், வீட்டில் முதியோரையோ குழந்தைகளையோ பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் ஆசிரியராக விரும்புவோரில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த அறிவுரையால் பயனில்லை.

நுண்ணிலைக் கற்பித்தலை எடுத்துக்கொள்வோம். 1963ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய இந்த முறை, கற்பித்தல் என்னும் பெரிய வேலையைச் சிறுசிறு திறன்களாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பழக வைக்கிறது. இந்தியக் கல்லூரிகளில் வழங்கும் வடிவத்தில் ஆறு நிமிடம் கற்பித்தல், ஆறு நிமிடம் கருத்துக் கேட்டல், பன்னிரண்டு நிமிடம் பாடத்தைத் திருத்தி எழுதுதல், மீண்டும் ஆறு நிமிடம் கற்பித்தல், ஆறு நிமிடம் கருத்துக் கேட்டல் என ஒரு சுழற்சிக்கு 36 நிமிடங்கள் ஆகின்றன. ஒருவர் திருத்தி எழுதும் நேரத்தில் இன்னொருவரைக் கற்பிக்கச் செய்தால்கூட, ஐவர் கொண்ட குழு ஒரேயொரு திறனை முடிக்க இரண்டு மணி நேரம் தேவை. கிளர்வினா கேட்டல் (விடையைத் தொடர்ந்து மேலும் துருவிக் கேட்பது), வலுவூட்டல் (சரியான விடையைப் பாராட்டி ஊக்குவிப்பது), கரும்பலகையைப் பயன்படுத்தல் என்று திறன்கள் நீள்கின்றன. அட்டவணையில் இதற்கு ஒதுக்கப்படும் பாடவேளைகள் ஒருபோதும் போதுவதில்லை. மிச்சப் பயிற்சியை மாணவர்கள் தாங்களே கூடி முடித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் துறைகள் இயங்குகின்றன. விடுதியில் இருப்போர் இரவு உணவுக்குப் பின் ஓர் அறையில் கூடி அதை முடித்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து வருபவரோ கடைசிப் பேருந்தைப் பிடிக்க எழுந்து போயிருப்பார். மறுநாள் மதிப்பீட்டில் அவருடைய பாடம் தயக்கத்தோடு இருந்தால், ஒத்திகை இல்லாத தயக்கத்தைத் திறமையின்மை என்றே மதிப்பீட்டாளர் எண்ணிக்கொள்கிறார்.

வீட்டில் ஒத்திகை பார்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. பார்க்கலாம், தம்பி தங்கையர் அமர்ந்து கேட்கவும் செய்வார்கள். ஆனால் அவர்கள் நம்மீதுள்ள அன்பினால் தலையாட்டுகிறார்கள். நாம் கேட்ட கேள்வி தெளிவாக இருந்ததா, விடை சொன்ன பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டு பின்வரிசையை மறந்துவிட்டோமா என்பதைச் சொல்ல, அதே பயிற்சியில் இருக்கும் இன்னொருவர்தான் வேண்டும்.

கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குச் செல்லும் காலத்தில் நிலைமை மாறுகிறது. இந்தியாவில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள் இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரப் பள்ளிப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை போதும், பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வேண்டும் என்றும் அவை வகுத்தன. ஆஸ்திரேலியாவில் இளநிலை ஆசிரியர் பட்டம் பெற குறைந்தது 80 நாட்களும், பட்டப்படிப்புக்குப் பின் பயில்வோர்க்கு 60 நாட்களும் பள்ளியில் மேற்பார்வையோடு கற்பித்திருக்க வேண்டும். நாடு எதுவானாலும், பயிற்சி மாணவர் வகுப்புகள் தொடங்கும் முன்பே பள்ளியில் இருக்க வேண்டும்; மாலையில் வழிகாட்டி ஆசிரியரோடு பேசிவிட்டே கிளம்ப வேண்டும்; இரவில் மறுநாளுக்கான பாடக்குறிப்பும் துணைக்கருவிகளும் அணியமாக வேண்டும். இந்தக் காலத்தில் வீடு உண்மையிலேயே துணை நிற்கிறது. வேளைக்கு உணவு கிடைக்கிறது, அட்டையும் பசையும் பரப்பி வைக்க இடம் இருக்கிறது, கற்பிக்கும்போது தடுமாறிய நாளில் ஆறுதல் சொல்ல ஆளிருக்கிறது. ஆனால் இவ்வளவும் பயிற்சிப் பள்ளி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பல்கலைக்கழகத்தை நடுவாக வைத்துப் பள்ளிகளை ஒதுக்கினால், வளாகத்துக்கு ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் பள்ளியுமாக மாணவர் நகரையே குறுக்காகக் கடக்க வேண்டியிருக்கும். ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தயாரிப்பவர் வீட்டு முகவரியையும் ஒருமுறை பார்த்தால் இது பெரிதும் தீர்ந்துவிடும். அந்த முகவரி சேர்க்கை விண்ணப்பத்திலேயே இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்; என் தோழியர் சிலர் இதை ஏற்க மாட்டார்கள். வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளி வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் தாம் படித்த பள்ளியையே கேட்பது சரியன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் டேன் லோர்ட்டி 1975ஆம் ஆண்டு எழுதியபோது, ஒருவர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களை அருகிலிருந்து பார்த்துவிடுகிறார் என்று கணக்கிட்டார். அவ்வளவு நேரம் பார்த்ததால் கற்பித்தலைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம் நமக்குள் வந்துவிடுகிறது. ஆசிரியர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார், எதைத் தவிர்த்தார் என்பதோ மாணவராக இருந்த நமக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வீடும் மாறாமல், பள்ளியும் மாறாமல், வழிகாட்டி ஆசிரியராகவும் பழைய ஆசிரியரே அமைந்துவிட்டால், பயிற்சி மாணவர் அவரைப் பின்பற்றிக் கற்பிப்பதோடு நின்றுவிடும் வாய்ப்பு மிகுதி. அவரும் நம்மைப் பழைய மாணவியாகவே நடத்துவார். குறை சொல்லத் தயங்குவார். ஆகவே அருகிலுள்ள வேறொரு பள்ளியை ஒதுக்குவதே முறை.

குடும்பத்தாரைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடக்குறிப்பு எழுதுவதும் விடைத்தாள் திருத்திப் பழகுவதும் மேசையில் அமர்ந்து செய்யும் வேலையாக இருப்பதால், வீட்டிலிருப்போர்க்கு அது ஓய்வு நேரமாகத் தெரிகிறது. மகள் சும்மாதானே இருக்கிறாள் என்று வேலை சொல்வதும், மகன் என்றால் அப்படிச் சொல்லாமல் விடுவதும் இன்னும் மறையவில்லை. பயிற்சி வாரங்களிலாவது அவளை வேலைக்குச் செல்லும் ஒருவராக எண்ணி நடத்த வேண்டும்.

பயிற்சிக் காலத்தின் சுமையை அரசுகளே உணரத் தொடங்கியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஆசிரியர், செவிலியர் முதலிய படிப்புகளில் கட்டாயப் பயிற்சிக்குச் செல்வோரில் வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு 2025 சூலை முதல் உதவித்தொகை வழங்கப்படுகிறது. எல்லா இடத்திலும் உடனே அது கைகூடாது. கால அட்டவணையைத் திருத்துவதற்கோ பெரும் பணம் தேவையில்லை. நுண்ணிலைக் கற்பித்தலுக்கான குழு நேரத்தை மாலைக்குத் தள்ளாமல் பகல் பாடவேளைகளுக்குள் வைக்கலாம். காலையில் ஒரு வகுப்பும் மாலையில் ஒரு வகுப்பும் என்று நாளைச் சிதறடிக்காமல், வகுப்புகளைச் சில நாட்களில் சேர்த்து வைக்கலாம். இடைவேளையில் உட்கார்ந்து துணைக்கருவி செய்யவும், செய்ததைப் பூட்டி வைக்கவும் ஓர் அறை தரலாம்; நெரிசலான பேருந்தில் மாதிரிப் படங்களைக் கசங்காமல் கொண்டுவருவது எளிதன்று என்பதைச் சுமந்து வந்தவர்கள் அறிவார்கள். அடுத்த கல்வியாண்டுக்கான அட்டவணை வகுக்கப்படும் முன், வீட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவரையாவது அந்தக் கூட்டத்துக்கு அழைக்குமாறு ஆசிரியர் கல்வித் துறைத் தலைவர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஆசிரியர் கல்வி இறுதியாண்டு மாணவி