எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கை இவ்வாரம் உங்கள் கைக்கு வந்திருக்கும். அதைப் பார்த்ததும் புலனக் குழுக்களில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆறுக்கு மூன்று என்றால் ஐம்பது விழுக்காடா?"

இல்லை. அறிக்கையில் 1 முதல் 6 வரை தரப்படும் அடைவுநிலையைப் புள்ளியாக எண்ண வேண்டாம். அது ஏணிப்படி. முதல் படியில் மாணவருக்குப் பாடம் தெரியும். இரண்டாம் படியில் புரியும். மூன்றாம் படியில் தானே செய்வார். நான்காம் படியில் அதை ஒழுங்குமுறையோடு செய்வார். ஐந்தாம் படிக்கு வந்தவர், வகுப்பில் பார்த்திராத புதிய சூழலிலும் கற்றதைப் பயன்படுத்துவார். ஆறாம் படியில் ஆக்கச் சிந்தனை சேரும். மற்ற மாணவருக்கு அவர் முன்மாதிரியாவார். மூன்றைத் தொட்டுவிட்டால் குறைந்தபட்சத் தேர்ச்சி வந்துவிட்டது என்று பொருள்.

'தெரியும்' என்பது இந்த ஏணியில் ஆக அடியில் இருப்பதைக் கவனியுங்கள். கல்வி எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஆண்டு 1 முதல் 3 வரையிலான தேர்வுகள் 2019இல் நீக்கப்பட்டன. ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. ஆனால் அந்தத் தேர்வுக்குப் படித்த முறை பல வீடுகளில் அப்படியே தொடர்கிறது. பயிற்சி நூலைக் கட்டுக்கட்டாக வாங்குகிறோம், செய்ய வைக்கிறோம், தவறு வந்தால் இன்னும் 20 கணக்குக் கொடுக்கிறோம். இதில் எங்கே பழுது வருகிறது என்பதற்கு ஒரே ஒரு கழித்தலைப் பாருங்கள்.

503 − 267. சரியான விடை 236. சில பிள்ளைகள் 364 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று திட்டிவிடாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறார்கள்: ஏழிலிருந்து மூன்று போனால் நான்கு, ஆறிலிருந்து சுழியம் போனால் ஆறு, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. அதே பிள்ளையிடம் 402 − 158 கொடுத்தால் 356 வரும். சரியான விடை 244. அவர் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு, அதை உண்மையாகக் கடைப்பிடிக்கிறார். இந்த நிலையில் 20 கணக்குக் கொடுத்தால், தவறான விதியைத்தான் 20 முறை பழக்குகிறோம்.

மருந்து பணத்தாளில் இருக்கிறது. காகிதத்தில் வெட்டிய 100 ரிங்கிட் தாள் ஐந்து, 1 ரிங்கிட் தாள் மூன்று கொடுங்கள். "எனக்கு 267 ரிங்கிட் கொடு" என்று கேளுங்கள். ஏழு ரிங்கிட் தர அவரிடம் சில்லறை இருக்காது. பத்து ரிங்கிட் தாளும் இருக்காது. ஒரு நூறைப் பத்து பத்தாக மாற்றியே ஆகவேண்டும். பிறகு அதில் ஒரு பத்தை ஒன்று ஒன்றாக மாற்ற வேண்டும். இப்போது கையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. நடுவிலிருந்த சுழியம் ஏன் ஒன்பதானது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுவிடும். அதன் பிறகு நான்கைந்து கணக்குப் போதும்.

கருத்துணர்தலிலும் இதே கதைதான். பத்தி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "தைப்பூசத்தன்று அமுதா செருப்பில்லாமல் தேரோடு நடந்தாள். தார்ச்சாலை சுட்டது. தண்ணீர்ப் பந்தல் வந்ததும் ஓரமாக நின்றாள்." கேள்வி: அமுதா ஏன் நின்றாள்? சில பிள்ளைகள் 'நின்றாள்' என்ற சொல் எந்த வரியில் இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதுவார்கள். கால் சுட்டது என்பது அதற்கு முந்திய வரியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வரவில்லை. எழுத்து அழகாகவும் எழுத்துப்பிழை இல்லாமலும் இருப்பதால் வீட்டில் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

தினமும் 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், புத்தகத்தை மூடிவிடுங்கள், கதையைச் சொல்லக் கேளுங்கள். பிறகு மூன்று கேள்வி: யார், எங்கே என்று ஒன்று, ஏன் என்று ஒன்று, "நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று ஒன்று. பதில் வர நேரமாகும். ஐந்து விநாடி பொறுக்க முடியாமல் நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம். அங்கேதான் பிள்ளையின் சிந்தனை நின்றுபோகிறது. மலாய் கலந்தோ ஆங்கிலம் கலந்தோ சொன்னாலும் முழுதாகச் சொல்ல விடுங்கள். பிறகு அதையே தமிழில் ஒரு வாக்கியமாக்கச் சொல்லலாம். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் நம்முடையது. வீட்டிலும் தமிழில் யோசிக்க இடம் கொடுப்போம்.

ஐந்தாம் படிக்கு, அதாவது புதிய சூழலுக்கு, பேரங்காடியைப் போல நல்ல வகுப்பறை கிடையாது. ஒரு கிலோ கேரட் 4 ரிங்கிட் 80 சென். 350 கிராம் எவ்வளவு? 1 ரிங்கிட் 68 சென். ஆனால் முகப்பில் ரொக்கமாகக் கொடுத்தால் 1 ரிங்கிட் 70 சென் கேட்பார்கள். ஏன் என்று பிள்ளையிடமே கேளுங்கள். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றும் முறை இருக்கிறது. 1.68 ஏன் 1.70 ஆகிறது, 1.67 ஏன் 1.65 ஆகிறது என்று ரசீதைப் பார்த்துச் சொன்னால், கிட்டிய மதிப்புப் பாடம் அவருக்கு வந்துவிட்டது.

இடுபணிகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திற்கு அப்பா அறுத்து அம்மா ஒட்டிய பொருள் எங்களுக்கு வேண்டாம். கோணலாக இருந்தாலும் பிள்ளை செய்ததே வரட்டும். எங்கே கோணியது என்று தெரிந்தால்தான் அளவெடுக்கச் சொல்லித்தர முடியும்.

தேசியக் கல்விக் கோட்பாடு அறிவாற்றலோடு ஆன்மீகம், உள்ளம், உடல் ஆகியவற்றையும் சேர்த்தே பேசுகிறது. காலை 6 மணிக்கு எழும் பிள்ளை 9 மணி நேரம் தூங்க வேண்டுமானால் இரவு 9 மணிக்குப் படுக்க வேண்டும். பிரத்தியேக வகுப்பு 9.30க்கு முடிகிறது என்றால், மறுநாள் முதல் பாடவேளை அந்தப் பிள்ளைக்கு வீண். எந்த வகுப்பைக் குறைப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

வரும் சனிக்கிழமை காலை மணி 9.00க்குப் பெற்றோர் சந்திப்பு. பிள்ளையின் கணித ஏட்டைக் கொண்டு வாருங்கள். தவறான விடைகளை அழிப்பானால் அழித்துச் சரிசெய்ய வேண்டாம். எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். வகுப்பாசிரியர் உங்களோடு உட்கார்ந்து பார்க்கவிருப்பது அந்தப் பக்கங்களைத்தான்.

இக்கண்,
தலைமையாசிரியர்
தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி, பினாங்கு